நாலாம் வகுப்பில் என் இடம்

ஜூலை 3, வியாழன்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். சில எழுத்துகள் பெருத்தும் சில சுருங்கியும் வருகின்றன. கோட்டின் மேல் உட்கார வேண்டியவை பாதி கீழே தொங்குகின்றன. நாற்பது வருடம் வெள்ளகோவில் பக்கத்துக் களங்களில் கொப்பரை காயப்போட்டுப் புரட்டிய கை இது. பேனா பிடித்து மூன்று வருடம்தான் ஆகிறது. இந்த ஐந்தாறு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறினால் ஆறட்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் விவரமும் எழுத வேண்டும் என்பது வகுப்பில் கற்றது. என் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தெட்டு. என் மகள் வயிற்றுப் பேத்தி கனிஷ்கா, என்னை அப்புச்சி என்று கூப்பிடுபவள், ஒன்பது வயது, ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்பு. பிறக்கும்போது மூச்சு முட்டியதால் அவளுக்கு வலது கையும் இரண்டு காலும் விறைப்பு. வாக்கர் பிடித்து நடப்பாள். பேச்சு உண்டு, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று வரும். இடது கையால் எழுதுவாள். அவள் ஒரு எழுத்து எழுதுவதற்குள் நானே ஒரு வரி எழுதிவிடலாம்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, "கூட யாராச்சும் உக்காந்தாத்தான் சேத்துக்க முடியும்" என்றார்கள். மகள் பூங்கொடி காலை ஏழு மணி வண்டியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவள். ஆகவே நான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து கனிஷ்கா எந்த வகுப்போ நானும் அந்த வகுப்பு. அவளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்தபோது எனக்கும் காதில் விழுந்தது. இப்போது பஸ் போர்டு, சோப்பு உறை, கல்யாணப் பத்திரிகை எதையும் படிக்காமல் விடுவதில்லை.

இன்று சிறப்பாசிரியர் நாகவேணி மேடம் வந்தார். மாற்றலாகிப் புதிதாக வந்தவர். ஒன்பது பள்ளிக்கும் அவர் ஒருவரே, எங்களுக்கு வியாழக்கிழமை. இந்த நோட்டைக் கொடுத்து, "கனிஷ்கா வகுப்புல தினமும் என்ன பண்றான்னு எழுதி வைங்கய்யா. ரெண்டு வாரம் பாத்துட்டு, அவ இங்கயே படிக்கட்டுமா, இல்ல வீட்டுவழிக் கல்விக்கு மாத்தலாமான்னு நான் எழுதி அனுப்பணும்" என்றார்.

வீட்டுவழி என்றால் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கு வருவார்.  வாரம் ஒரு நாளா? மற்ற நாளெல்லாம் நாங்கள் என்ன செய்வது?

நோட்டின் அட்டையில் மேடம் 'உள்ளடங்கிய கல்வி' என்று எழுதியிருக்கிறார். கூட்டிப் படித்துவிட்டேன். பொருள் பிடிபடவில்லை. விசாரிக்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

கனிஷ்கா வகுப்பில் செய்தவை. ஜெசிந்தா டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். "கனிஷ்கா, ஏழாறு?" கனிஷ்கா வாயைத் திறந்தாள். நாற்பத்திரண்டு என்று சொன்னேன். சரி என்றார்.

பிறகு டீச்சர் சொல்லச் சொல்ல ஐந்து வரி எழுதினோம். எங்கள் நோட்டில் ஒரு பிழை இல்லை. "கனிஷ்கா, வெரி குட்" என்று நட்சத்திரம் போட்டார். பள்ளி திறந்ததிலிருந்து இது பதினான்காவது. போன வருடம் முழுக்கவே ஒன்பதுதான் கிடைத்தது. மூன்று சுழி எழுத்தில் நான் தேறிவிட்டேன் என்பது எனக்கே தெரிகிறது.

நடுவில் ஒரு முறை கனிஷ்கா என் கையிலிருந்த பென்சிலைப் பிடித்து இழுத்தாள். "இரு கண்ணு, முடிச்சுட்டுத் தர்றேன்" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாலை அவள் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டேன். 

ஜூலை 7, திங்கள்

தலைமையாசிரியர் திருமூர்த்தி சாரிடம் உள்ளடங்கிய கல்வி என்றால் என்னவென்று கேட்டேன். அவர் எழுந்து என்னை அழைத்துக்கொண்டு போய்ச் சாய்தளத்தைக் காட்டினார். கைப்பிடிக் கம்பியைக் காட்டினார். கதவு அகலமான கழிப்பறையைக் காட்டினார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து கனிஷ்காவின் பெயரைக் காட்டினார்.

"எல்லாம் இருக்குதுங்களா? போன மாசம் பாக்க வந்தவங்க போட்டோ எடுத்துட்டுப் போனாங்க."

சாய்தளம் செங்குத்து. நான் பின்னாலிருந்து தள்ள, அவள் வகுப்புத் தோழி ரிஸ்வானா முன்னாலிருந்து இழுக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. "அப்ப வகுப்புக்குள்ளாறைங்க?" என்றேன்.

"அது டீச்சர் பாத்துக்குவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் பெரியவரே. அந்தப் புள்ளைக்கு வீடுதான் சௌகரியம். தினமும் எதுக்குங்க இந்த அலைச்சல்?"

அன்பாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. மாடியில் இருந்த வகுப்பை எங்களுக்காகக் கீழே மாற்றிக்கொடுத்தவர் அவர்தான். எங்களுக்காக இத்தனையும் கட்டிவிட்டு, எங்களை வீட்டுக்குப் போகவும் சொல்கிறார். எனக்கு விளங்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை. கூரை ஒழுகியதால் மூன்றாம் வகுப்பும் எங்கள் அறையில். பெஞ்சில் நெருக்கம். ஆனாலும் அறிவியலில் ஒரு கேள்விகூடத் தவறவிடவில்லை.

ஜூலை 9, புதன்

ஜெசிந்தா டீச்சரிடமும் அதையே கேட்டேன். பொது அறிவில் குறைந்தது இரண்டு பேரைக் கேட்க வேண்டும் என்பது என் வழக்கம்.

டீச்சர் போன மாதம் இதற்கென்றே இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். "கண்ணக் கட்டி நடக்கச் சொன்னாங்க. ஒரே கையால சட்டை பட்டன் போடச் சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. சரி, முப்பத்தெட்டுப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு வாய்ப்பாடு நடத்தறது எப்படின்னு எந்திரிச்சுக் கேட்டேன். அப்ப பாத்து டீ வந்துருச்சு."

"நீங்க என்னன்னு நினைக்கறீங்க டீச்சர்?"

"யாரையும் ஒதுக்காம எல்லாரையும் ஒண்ணா நடத்தறது. மத்தவங்களக் கேக்கற அதே கேள்வியத்தான் அவளையும் கேக்கறேன். அவ நோட்டையும் எல்லார் நோட்டோடயும்தான் திருத்தறேன். நீங்க இருக்கறதால முடியுது தாத்தா. இல்லன்னா எனக்குக் கஷ்டம்."

இதைக் கேட்டபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. சரியான விடை இதுதான் என்று தோன்றியது.

மூன்றாவதாக ரிஸ்வானாவையும் கேட்டேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. "கனிஷ்காவப் பத்தியா? அவளுக்கு ஜோக்கு நல்லா வரும் தாத்தா. ஆனா நீங்க பக்கத்துல இருந்தா சொல்ல மாட்டா" என்றாள்.

கனிஷ்கா ஜோக் சொல்லி நான் கேட்டதில்லை. ரிஸ்வானா விளையாட்டுக்குச் சொல்கிறாள் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நாகவேணி மேடம் வகுப்பறை வாசலில் நின்றே இந்த நோட்டை முழுக்கப் படித்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. நான் பரீட்சைத் தாள் வாங்க நிற்பவனைப்போல நின்றேன்.

"ஒரே வாரத்துல கையெழுத்து தெளிஞ்சிருச்சுங்கய்யா" என்றார். மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு, "இதுல கனிஷ்கா எங்கங்க?" என்றார்.

"எல்லாம் அவளைப் பத்தித்தானுங்க."

"ஏழாறு நாப்பத்திரண்டுன்னு சொன்னது நீங்க. அஞ்சு வரி எழுதுனது நீங்க. நட்சத்திரம் யாருக்கு?"

"அவளுக்குத்தானுங்க. அவ நோட்டுலதானுங்களே இருக்குது."

மேடம் சிரிக்கவில்லை. கனிஷ்காவைப் பார்த்தார். கனிஷ்கா என்னைப் பார்க்கவில்லை, மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் ஒருவரை அவள் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

"நாளையிலருந்து ஒரு வாரம் நீங்க வகுப்புக்கு வெளிய இருங்கய்யா. கொண்டுவந்து விடுங்க, கூப்பிட்டா வாங்க. உள்ள உக்கார வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளடங்கிய கல்வின்னு அட்டையில எழுதிக் குடுத்துட்டு, என்னைய வெளிய உக்காரச் சொல்றீங்களே மேடம்" என்றேன்.

"எனக்கும் அது முழுசாத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேங்கய்யா. ஒரு வாரம் பாத்துத் தெரிஞ்சுக்குவோம்."

பாடம் நடத்த வந்தவரே தெரியாது என்றால் யாரைக் கேட்பது?

ஜூலை 11, வெள்ளி

சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்தேன். சமையல் செய்யும் மாராத்தாள், "ஏனுங், பெயிலாக்கிட்டாங்களா?" என்றாள்.  ஒரு கூடை சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்தாள். உரித்தேன். ஜன்னல் வழியாக எட்டாம் வாய்ப்பாடு கேட்டது. சும்மா இருக்க முடியாமல் நானும் சொன்னேன். "அக்கட்டால போய்ப் படிங்க, எனக்கு உப்புக் கணக்குத் தப்புது" என்றாள்.

மாலை கனிஷ்காவின் நோட்டைத் திறந்தேன். தேதி மட்டும் இருந்தது. அதுவும் ரிஸ்வானாவின் எழுத்து.

டீச்சர் சொன்னார்: "கேள்வி கேட்டேன் தாத்தா. ரெண்டு நிமிஷம் பாத்தேன். பதில் வரல. அடுத்த புள்ளைகிட்ட போயிட்டேன். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ஜூலை 14, திங்கள்

இன்றும் வெற்றுப் பக்கம்.

திருமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டினார். வீட்டுவழிக் கல்விக்கானது. "வியாழக்கிழமை மேடம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம். நான் அன்னைக்கே சொன்னேன்லங்க" என்றார். படிவத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் வாங்கி முழுதும் படித்தேன். படிக்கத் தெரிந்ததற்காக முதல்முறை வருத்தப்பட்டேன்.

பூங்கொடி வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். கை கழுவப் போனவள் அப்படியே நின்றாள்.

"உங்கள வெளிய உக்கார வெச்சுட்டு, என்ற புள்ளையத் தோக்கடிக்கறாங்களாப்பா?"

"அப்படியில்ல. பாத்துத் தெரிஞ்சுக்கோணுமாம்."

"என்னத்தப் பாக்கறது? அவ வீட்டோட கிடந்தா அந்த டிவியும் நீங்களும்தான். இன்னொரு புள்ள முகத்தைப் பாப்பாளா? பள்ளிக்கூடத்துக்குப் போறதாலதான் காத்தால எந்திரிக்கோணும்னே நினைக்கறா. எப்படியாச்சும் நோட்டுல நாலு வரி இருக்கற மாதிரி பாருங்கப்பா."

கனிஷ்கா பக்கத்தில்தான் இருந்தாள். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கனிஷ்கா வீட்டுப்பாடம் ஒரு பக்கம் எழுதினாள். மண்ணுக்கு அடியில் விளைபவை எவை என்ற கேள்வி. எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருந்தது. அவள் எழுத்து அப்படித்தான் இருக்கும். இடது கையால் ஒரு பக்கம் எழுதினால் தோள்பட்டை வரை வலிக்கிறது. இதற்குமுன் எனக்கு இது தெரியாது. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 16, புதன்

நேற்று எழுதியது பொய். அந்தப் பக்கத்தை எழுதியது நான். மாலை கனிஷ்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நோட்டை எடுத்து, அவள் எழுத்துப்போல வரட்டும் என்று இடது கையால் எழுதினேன். பையில் வைக்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.  யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று நினைத்துவிட்டேன்.

இன்று முற்பகல் இடைவேளை மணி அடித்ததும் ரிஸ்வானா சத்துணவுக் கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"தாத்தா, உங்கள கனிஷ்கா மாட்டிவிட்டுட்டா."

மூச்சு வாங்கிக்கொண்டு பாதிதான் சொன்னாள். மீதியைப் பின்னால் வந்த ஜெசிந்தா டீச்சர் சொன்னார். அவர் வந்து மாராத்தாளின் மணைப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நோட்டப் பாத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம் தாத்தா. எல்லாரும் கை தட்டுங்கன்னேன். தட்டறாங்க, இவ தலைய ஆட்டறா. என்னம்மான்னு கேட்டேன். 'இத'ன்னா. அப்புறம் ஒண்ணும் வரல. 'இத நீதான் எழுதுன, சரி'ன்னு நான் சொல்லப் போனேன். ரிஸ்வானா எந்திரிச்சு, 'மிஸ், இருங்க மிஸ், அவ இன்னும் முடிக்கல'ங்கறா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, நிக்கலாம்னு நின்னேன்."

"என்ன சொன்னா?"

ரிஸ்வானாதான் அதைக் கனிஷ்கா மாதிரியே சொல்லிக் காட்டினாள். "இத... நான்... எழுதல... மிஸ். அப்புச்சி... எழுதுனது."

மாராத்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதோட நிறுத்தல தாத்தா" என்றார் டீச்சர். "உங்க பதிலப் பாத்துட்டு, அதுல தப்பு இருக்குதுங்கறா. நீங்க கேரட், முள்ளங்கி, மரவள்ளி, நிலக்கடலைன்னு எழுதியிருந்தீங்கல்ல? 'தினமும்... வெங்காயம்... உரிக்கறாரு. வெங்காயத்த... எழுதல' அப்படின்னா. வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன். அவ சொல்லி முடிக்க மூணு நிமிஷம் ஆயிருக்கும். முப்பத்தெட்டுப் புள்ளைங்க, அதுவரைக்கும் ஒரு சத்தம் இல்ல. போன வருசமும் நான்தான் அவளுக்கு டீச்சர். அவ குரல் இப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயக் கூடை பக்கத்தில்தான் இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பேத்தி தாத்தாவை ஊரறியக் காட்டிக்கொடுத்துவிட்டாள். ஆனால் வெட்கப்படும்போது எதற்குச் சிரிப்பு வருகிறது என்று தெரியவில்லை. மாலை வரை அந்த வார்த்தைகளை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பூங்கொடியிடம் சொன்னபோது முதலில் திட்டினாள். பிறகு, "எல்லாரும் இருக்கறப்பவா பேசுனா?" என்று மூன்று முறை கேட்டாள்.

ஜூலை 17, வியாழன்

தலைமையாசிரியர் அறையில் நாகவேணி மேடம், ஜெசிந்தா டீச்சர், கனிஷ்கா, நான். மேசைமேல் அந்தப் படிவம். சார் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

மேடம் இந்த நோட்டைப் படித்தார். பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினாறாம் தேதியைப் படித்ததும் சாரிடம் நீட்டினார். சாரும் படித்தார்.

"சரி, பேசறா. சந்தோஷம்" என்றார் சார். "ஆனா யாருங்க எழுதறது?"

"அவளே எழுதட்டும் சார். மத்தவங்க அஞ்சு வரின்னா அவளுக்கு ரெண்டு. மத்ததெல்லாம் வாயில சொல்லட்டும்" என்றார் மேடம்.

"ரெண்டு வரியா? அப்ப அது சமம் ஆகாதே."

 மேடம் ஏதோ சொல்லத் தொடங்கி, "இத எப்படிச் சொல்றதுன்னு எனக்கும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஜெசிந்தா டீச்சர்தான் பேசினார். "எனக்குத் தத்துவம் தெரியாது சார். முப்பத்தெட்டுப் பேருக்கும் கேள்விக்கு மூணு நிமிஷம் குடுக்க என்னால முடியாது. அவளுக்கு ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி. அந்த ஒண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நிப்பேன். அவ்வளவுதான் இப்ப என்னால சொல்ல முடியும். ஆனா தாத்தா உள்ள இருந்தா நான் அவரத்தான் கேப்பேன். எனக்குச் சுலபம் அது. அதனால அவர் வேண்டாம்."

போன வாரம் நான் இருப்பதால்தான் முடிகிறது என்றவர் இவரேதான்.

மேடம் குனிந்து, "கனிஷ்கா, வீட்டுக்கு வந்து சொல்லித் தரட்டுமா, இங்கயே படிக்கறயா?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியும். வாய் திறந்துவிட்டேன். ஜெசிந்தா டீச்சர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.  சார் பேனா மூடியைத் திருகித் திருகி வைத்தார். இவ்வளவு நீளமான ஒரு நிமிடத்தைக் களத்து வெயிலில்கூட நான் கண்டதில்லை.

"இங்க" என்றாள் கனிஷ்கா. முடிந்தது என்று சார் தலையாட்டினார். முடியவில்லை. "அப்புச்சி... வெளிய."

சார் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் ஒரே பெஞ்சு.

படிவத்தில் வீட்டுவழி என்ற இடத்தை மேடம் அடித்துவிட்டு, வகுப்பில் தொடரலாம், உடன் இருப்பவர் வகுப்புக்குள் தேவையில்லை என்று எழுதினார். "காலாண்டு வரைக்கும் பாப்பம்" என்று சார் கையெழுத்துப் போட்டார். உள்ளடங்கிய கல்வி என்றால் ஒருவருக்குச் சாய்தளம். ஒருவருக்கு ஒரு கேள்வி. ஒருவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பேத்தி உள்ளே இருக்கிறாள். அது வரை சரி.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "இனிமே எனக்காக எழுத வேண்டாங்கய்யா. ஆனா விட்டுராதீங்க" என்றார் மேடம்.

ஜூலை 18, வெள்ளி

காலை கொண்டுபோய் விட்டேன். சாய்தளத்தில் மட்டும் கை கொடுத்தேன். அதற்குமேல் ரிஸ்வானா கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன், அரிசி புடைத்தேன், பழைய பேப்பரில் ஒரு பக்கம் படித்தேன். பத்தரைக்கு அங்கே அறிவியல் நடக்கும். என்ன பாடம் என்று தெரியாமல் ஒரு பகல் போனது, மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு கேட் அருகே நின்றேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு வந்தாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வரி. இரண்டாவது வரி பாதியில் கோட்டை விட்டு இறங்கிப் பக்கத்தின் ஓரம் வரை போயிருந்தது. என்ன எழுதியிருக்கிறாள் என்று என்னால் படிக்க முடியவில்லை.

"இன்னைக்கு என்ன பாடம் கண்ணு?"

"யானை" என்றாள்.

நடந்தோம். வாக்கர் நாலடி போகும், நிற்கும். மளிகைக் கடை தாண்டியது. "யானைக்... கூட்டத்துக்கு..." என்றாள். தையல் கடை தாண்டியது. "தலைவர்..." என்றாள். பிறகு நின்றுவிட்டாள். பாவம், சிரமப்படுகிறாள் என்று நினைத்து, "ஆண் யானை" என்று நான் முடித்துவைத்தேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

வாயை மூடிக்கொண்டேன். பின்னால் வந்த பால்காரர் மணி அடித்தார், ஒதுங்கி நின்றோம். பஸ் ஒன்று போனது. அதன் போர்டைக்கூட நான் படிக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொம்பள... யானை."

அறுபத்தெட்டு வயது வரை எனக்கு இது தெரியாது. "ஏன் சாமி அப்படி?" என்றேன்.

அதை டீச்சர் திங்கட்கிழமைதான் சொல்லுவாராம். அன்றைக்கு அவளுக்கான ஒரு கேள்வியும் அதுதானாம். திங்கட்கிழமை அவள் கேட்டுக்கொண்டு வந்து, வீடு வந்து சேர்வதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமையும் ஆகலாம். எத்தனை நாள் ஆனாலும், அவள் சொன்னதை மட்டும் அடுத்த வாரம் இதில் எழுதி வைக்கிறேன்.